துணி கட்டின வெள்ளரி

வெள்ளரிப்பழத்தை வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும் ஐயா. தாமதித்தால் வெடித்து மாவாய் உதிர்ந்துபோகும்.

சோழவந்தானுக்கு மேற்கே, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய அரை ஏக்கர் பொதுத் தோட்டத்துக்கு நான்தான் காவல். ஊரார் எரு கொடுப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவார்கள். விளைச்சலில் பாதி ஊருக்கு, பாதி பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சிக்கு. அந்தக் கஞ்சியில் இரண்டு பேர் பங்கு எனக்குக் கூலி. சண்டைக்காலம், பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் நானும் என் பெண்சாதி இருளாயியும் செத்திருப்போம். பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. தை பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள்.

பங்குனியில் களவு தொடங்கியது. தினம் இரண்டு பிஞ்சு, மூன்று பிஞ்சு. ஊர்க்கூட்டத்தில் சோணைமுத்து எழுந்து, "காவக்காரன் தூங்குறானா, இல்ல களவாணிக்குக் கூட்டா? இன்னும் ஒண்ணு போச்சுன்னா காவல எங்கிட்டக் குடுங்க" என்றான். வீட்டுக்கு வந்தால் இருளாயி கஞ்சிக்கு வெள்ளரிப்பிஞ்சு அரிந்து வைத்திருந்தாள். சாப்பிட்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பசித்தவன் கேட்கிற கேள்வியா அது?

எங்கள் பக்கத்தில் விதைக்கு விடும் பழத்தில் துணி கட்டுவோம். அதைப் பட்டினி கிடக்கிறவன்கூடத் தொடமாட்டான். அடுத்த வருஷத்தைத் தின்ற மாதிரி ஆகிவிடும். அதிலும் ஒன்று காணாமல் போனபோது, இந்தக் களவாணி மனிதனே இல்லை என்று முடிவு செய்தேன். வாய் பிளந்த பழம் ஒன்றில் எலிப்பாஷாணம் வைத்து, ஊரார் விதைப்பழம் என்று விலகிப்போகட்டும், களவாணி மட்டும் தொடட்டும் என்று பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றினேன். இருளாயியிடம் மட்டும், "துணி கட்டுன பழத்துக்கிட்டப் போயிராத" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

வாத்தியார் துளசிராம் டவுனில் செல்லூர்த் தறிவீட்டுப் பிள்ளை. நல்ல மனுஷர், ஆனால் எங்கள் விதைத்துணி வழக்கம் தெரியாதவர். டவுன் கடைகளில் வெள்ளரிப்பழம் சிதறாமல் இருக்க ஏதாவது சுற்றித்தான் விற்பார்களாம். துணியைப் பார்த்ததும், பிள்ளைகளுக்காக நான் பழுக்கவிட்டுக் கட்டிவைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். தானே பறித்துத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் அவர்களை உட்காரவைத்து, பெரிய வாழையிலையில் கருப்பட்டி போட்டுப் பிசைந்தார்.

நான் கிணற்றடியில் நின்றேன். இருபதடி தூரம்கூட இல்லை.

"பேயாண்டி, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார்.

"எனக்கு வேணாம் வாத்தியாரய்யா, பிள்ளைகளுக்குக் குடுங்க."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சொன்னால் காவல் போகும், காவல் போனால் கஞ்சி போகும். அந்தப் பயத்தில் நாக்கு எழவில்லை. யோசித்து முடிப்பதற்குள் இலை காலியாகிவிட்டது. ஏழு பிள்ளைகள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. வாத்தியார் கடைசியாக இலையை வழித்துத்தான் சாப்பிட்டார். அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

வைத்தது நான்தான், பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் களவாணிக்காகத்தான் வைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து என்னை அழைத்துப்போகும்வரை பத்து நாள், தோட்டத்தில் ஒரு பிஞ்சுகூடக் காணாமல் போகவில்லை. என் காவலில் யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டில்தான் அந்தப் பத்து நாளும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெறும் உப்பு.