ரத்தத்தில் ஓடும் பேருந்து

தலைமை இருக்கையைத் தன் புன்னகையால் நிறைத்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, முழங்கால் வலியிலும் முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்த ஓட்டுநர்களே, சில்லறைச் சண்டைக்கும் சிரித்தே பதில் சொல்லும் நடத்துநர்களே, வீட்டு மருந்துப் பெட்டியை ஆளும் தாய்மார்களே! இருபது ஆண்டுகளாக உங்கள் கைகளில் ஊசி குத்திவரும் ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்காரியின் வணக்கம். பயப்படாதீர்கள், இன்று ஊசி கொண்டு வரவில்லை.

ரத்தம் என்பது என்ன? வெறும் சிவப்பு நீரா? அது ஒரு சாலை! அந்தச் சாலையில் அல்புமின் என்றொரு புரதம் பேருந்தாக ஓடுகிறது. விழுங்கிய மாத்திரையும் அதில்தான் ஏறுகிறது. அரைத்துக் குடித்த இலையின் சத்தும் அதில்தான் ஏறுகிறது. அமர்ந்திருக்கும் மருந்து அமைதியாகப் பயணம் போகும். இறங்கி நடக்கும் மருந்துதான் வேலை செய்யும். ஒரே இருக்கைக்கு இருவர் வந்தால்? உங்களுக்குத் தெரியாததா! ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறாரே, அவர் என் அண்ணன். உங்கள் பணிமனை ஓட்டுநர்தான். இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்கத் தினமும் மாத்திரை. அதன் வேலை மிஞ்சினால் ரத்தம் நிற்காது. அதற்காக மாதமொருமுறை என்னிடம் ரத்தம் உறையும் அளவுக்கான பரிசோதனை. மாதாமாதம் அளவு கச்சிதம்! நானும் ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

ஒருநாள் காலையில் சவரம் செய்கையில் தாடையில் சின்னக் கீறல். மூன்று துண்டுகள் ரத்தத்தில் நனைந்த பிறகு அண்ணி எனக்குப் போன் செய்தார். அவசரப் பிரிவில் அண்ணனின் கையைப் பிடித்து நின்றேன். அப்போதுதான் அண்ணி சொன்னார்: மூட்டுவலிக்கு ஆறு மாதமாக மூலிகைக் கஷாயமாம். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிடுவாராம். ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் மறுபடி டம்ளரைக் கையில் எடுப்பாராம்!

கஷாயம் இருக்கையைப் பிடிக்க, மாத்திரை இறங்கி மிஞ்சி வேலை செய்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

“ஏண்ணே இப்படிப் பண்ணுனே?” என்றேன்.

“உன் கையால நல்ல மார்க் வாங்கணும்னுதாம்மா. எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவியே.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நான் அன்று அழுதேன். வருவோர் போவோரிடமெல்லாம் “வேற என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்கும் நான், என் அண்ணனிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

மூலிகையை நான் பழிக்கவில்லை, மறைப்பதைத்தான் பழிக்கிறேன். இலையா? பரிசோதனைப் படிவத்தில் எழுதுங்கள். வேரா? எழுதுங்கள். பின்வரிசையில் ஒருவர் “தேன்?” என்கிறார். ஐயா, அதையும் எழுதுங்கள்! நல்ல மார்க் வாங்க வராதீர்கள், இருக்கிறபடி வாருங்கள்.

போன மாதம் அண்ணனின் அளவு கொஞ்சம் ஏறியே இருந்தது. டாக்டர் மாத்திரையைச் சரிசெய்தார். கச்சிதமில்லாத அந்த அளவைத்தான் நான் முழுசாக நம்பினேன். அன்று முதன்முறையாகப் படிவத்தை அவரே நிரப்பியிருந்தார். கஷாயம்: நிறுத்தியாச்சு. தைலம்: முழங்காலுக்கு. கடைசி வரி: தங்கச்சி திட்டு, தினமும் இரண்டு வேளை.

அந்த மருந்தை மட்டும் நான் நிறுத்தப் போவதில்லை. இவ்வளவு நேரம் பிரேக் போடாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. படிவங்கள் வாசலில் இருக்கின்றன. வணக்கம்!