கேமரா இணைப்பில் இல்லை

வி.பி.என். போட்டால் நெட் கம்பெனி தடுத்து வைத்திருக்கும் ஆட்டத்தைப் பார்க்க முடியுமா என்று முதலில் கேட்டீர்கள், மேடம். முடியும். எல்லா நாளும் இல்லை. சில நாள் படம் திணறும், சில நாள் அந்தத் தளமே திறக்காது. ஆனால் பெரும்பாலும் முடியும்.

நான் மாரண்டஹள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் உள்ள எடைமேடையில் வேலை பார்க்கிறேன். தக்காளி வண்டி வந்தால் எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். வண்டி வராத நேரம் போனில் கிரிக்கெட் பார்ப்பேன். காசு கட்டாமல் காட்டுகிற தளம் ஒன்று இருந்தது. போன மார்ச்சில் ஒருநாள் அது திறக்கவில்லை. கோர்ட் உத்தரவுப்படி தடுக்கப்பட்டிருப்பதாக இரண்டு வரி வந்தது. செல்போன் கடை தௌபிக்கிடம் காட்டினேன். அவர்தான் வி.பி.என். ஏற்றிக்கொடுத்தார்.

"இதப் போட்டா உங்க நெட்டு வெளிநாட்டுப் பக்கமா சுத்திப் போவுங்க. நீங்க எதப் பாக்கறீங்கன்னு கம்பெனிக்குத் தெரியாது. ஆனா வேற ஆப் ஒண்ணு ரெண்டு நின்னுக்கும். ஆட்டம் முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை.

என் போனில் நின்றுபோனது வீட்டுக் கேமரா.

என் மனைவி பானுமதிக்கு ஐந்து வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. அதுவரை பாலக்கோட்டில் தையல் கம்பெனிக்குப் போய்வந்தவள். பஸ்ஸைப் பிடிக்க அவள் நடக்கிற வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருக்கும். நோய் வந்ததும் இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சசிகலா கட்டிலுக்கு எதிரே கேமரா மாட்டினாள். பானுமதி டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டினால் என் போன் அடிக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் வீட்டில் இருப்பேன். தண்ணீர் கேட்பாள். தலையணை சரிந்திருக்கும். சில நேரம் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மதியம் மட்டும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வந்து சோறு ஊட்டுவாள். மற்றதெல்லாம் நான். ஐந்து வருடத்தில் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வி.பி.என். போட்ட முதல் நாள் மூன்று மணி நேரம் போன் அடிக்கவில்லை. கேமரா இணைப்பில் இல்லை என்று மட்டும் காட்டியது. அன்று யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில்லை. அந்த அமைதி நினைவிருக்கிறது. மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்குகிற சத்தத்தை அன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன். வீட்டுக்குப் போனபோது பானுமதி நனைந்து கிடந்தாள். நெட் வரவில்லை என்றேன். நம்பினாள். நான் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது, திறந்திருந்த என் சட்டைப் பொத்தானை வலது கையால் போட்டுவிட முயன்றாள்.

அடுத்த மாதம் வந்த சசிகலாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஏம்ப்பா, ஆட்டம் பாக்கறதுக்குன்னு இதப் போட்டுட்டா, அம்மா தட்டுனா உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். கோபப்படவில்லை. முறையாகக் காட்டுகிற செயலிக்கு ஒரு வருடச் சந்தா கட்டி என் போனில் போட்டுக்கொடுத்தாள். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. கேமராவும் வேலை செய்தது. நல்லதும்மா என்றேன்.

அவள் பஸ் ஏறியதும் வி.பி.என்.னை மறுபடி போட்டேன். ஆட்டம் இல்லாத நாட்களிலும் போட்டேன். ஒரு மனிதனை யாரும் கூப்பிடாத நேரம் என்று நாளில் கொஞ்சமாவது வேண்டும். இது பெரிய ஆசை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. அப்போது வி.பி.என். போட்டிருக்கவில்லை. கேமராவைத் திறந்தேன். பானுமதி சரிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நெஞ்சுவரை மாட்டியிருந்தாள். முகம் கேமராப் பக்கம் இருந்தது. வலது கை மட்டும் மேலே இருந்தது, டம்ளரோடு. பாஞ்சாலி பென்னாகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அது எனக்குத் தெரியும். எடைமேடையில் வண்டி எதுவும் நிற்கவில்லை. என் வண்டிச் சாவி மேசைமேல் இருந்தது.

ஒரு நிமிடம் பார்த்திருப்பேன். பிறகு வி.பி.என்.னைப் போட்டேன். படம் நின்றது.

ஆறு மணிவரை அங்கேயே இருந்தேன். அதற்குள் இரண்டு வண்டிகள் வந்தன. இரண்டுக்கும் எடை சரியாகத்தான் போட்டேன்.

தவறி விழுந்து மாட்டிக்கொண்டதில் மூச்சடைத்து இறந்ததாக எழுதினார்கள். நான் அழுதேன். அது நடிப்பில்லை. கேமரா நின்றுபோயிருந்தது, போன் அடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். சசிகலா அழவில்லை. "நான் வாங்கிக் குடுத்த கேமராதாம்ப்பா அம்மாவக் கொன்னுடுச்சு. இன்னும் நல்லதாப் பாத்து வாங்கியிருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்தும் ஓசூருக்குப் போகவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. கேமராவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்க முடியவில்லை, மேடம். அவள் செய்யாத தப்பை அவள் சுமக்கக் கூடாது. அதற்காகத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு உண்டு. என் போனில் படம் தெரியாவிட்டாலும் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அன்று மாலை, யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டேன். இதோ இருக்கிறது. ஒருமுறை முழுவதும் பார்த்தேன். நாலு ஐம்பத்திரண்டு வரை தட்டுகிறாள். பிறகு டம்ளரைக் கீழே விட்டுவிட்டு, கேமராவைப் பார்த்துக் கையை அசைத்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள். 'வாங்க, வாங்க' என்பதுபோல உங்களுக்குக் கேட்கும். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு என் ஒருவனுக்குத்தான் புரியும், மேடம். அவள் சொன்னது 'வேணாங்க'. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.