உன் குரலுக்கு ஏறின கோடு

உக்காரு தம்பி, இப்ப உள்ள விடமாட்டாங்க. நர்ஸு உங்க அண்ணனுக்கு உடம்பு தொடச்சு விடறாங்க, முடிச்சதும் அவங்களே கூப்பிடுவாங்க. கடையா? கடை எங்கயும் ஓடிடாது. ஒரு நாள் நாம பெயிண்டு விக்கலைன்னா ஊர்ல இருக்கற செவுரெல்லாம் விழுந்துடுமா என்ன? உக்காரு.

உன்ன வரச் சொன்னதே நீ கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான். மூக்குல இருக்கற ட்யூப எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போயிடலாம் அண்ணி, நிம்மதியாப் போய்ச் சேரட்டும்னு சொன்னேல்ல? அதான். சொல்றேன், அவசரப்படாத.

டாக்டரும் மொதல்ல அப்படித்தான பேசினாரு. தலையில பலமான அடி, கூப்பிட்டா கேக்குதுன்னு சொல்றதுக்கே ஒரு அடையாளமும் இல்லம்மான்னாரு. நான் கால்ல விழாத கொறை. அப்பத்தான் அந்த ஆராய்ச்சி பண்ற பொண்ணு வந்தா. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு... ஆமா, அவளேதான். டிபன் டப்பா அளவுல ஒரு மெஷினு. ரெண்டு விரல்ல பசை தடவி ஒட்டி, வயரு மாட்டுவா. ஷாக் அடிக்குமான்னு நான் பதறினேன். சிரிச்சுட்டா. எறும்பு கூட ஒணராத கரண்டும்மா இதுன்னா.

என்ன செய்யுதுன்னு நீ கேக்கவே இல்லையே? நான் கேட்டேன். மனசு ஆடினா உள்ளங்கை வேர்க்குதில்ல, அதுவே கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் கொஞ்சம் வேர்க்குமாம். வேர்த்தா தோலு வழியா கரண்டு லேசா போகும். அதத்தான் அளந்து, திரையில ஒரு கோடாப் போட்டுக் காட்டுது. நாம அடக்கணும்னு நெனச்சாலும் அடக்க முடியாதாம். இப்ப உன்னையே எடுத்துக்கோ, ஏசி இந்தப் போடு போடுது, நீ மூணு தரம் கையப் பேண்ட்ல தொடச்சுட்ட. சும்மா சொன்னேன்ப்பா. தண்ணி வேணுமா? சரி விடு.

பக்கத்துப் படுக்கைக்காரரப் பேச வச்சா. கோடு அப்படியே தரையில கெடந்துச்சு. என்னப் பேசச் சொன்னா. ஏங்க, நான்தாங்க, எழுந்திருங்கன்னேன். ஒரு மூச்சு இழுத்து விடற நேரம் ஒண்ணுமே இல்ல, அப்பறம் சின்னதா ஒரு மேடு. அத்தன பேர் இருக்கற வார்டுல சத்தம் போட்டு அழுதேன் தம்பி. என் பொண்ணு வந்து அப்பான்னா, இன்னும் கொஞ்சம் பெரிய மேடு. அப்பத்தான் டாக்டரே வந்து பாத்துட்டு, வைத்தியத்த நிறுத்த வேண்டாம்னாரு.

அப்பறம் நீ வந்த. கட்டில் பக்கத்துல நின்னு, என்னண்ணே எப்படியிருக்கன்னு கேட்ட. கோடு எகிறிச்சு பாரு! ஏறினது எறங்கவே இல்ல. எனக்குக் கொஞ்சம் பொறாமை கூட. நான் கல்யாணமாகி வந்தப்ப நீ அரை டவுசர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்த, தூக்கி வளத்த தம்பியாச்சே, பாசம் இருக்கத்தான செய்யும்னு மனச ஆத்திக்கிட்டேன். தெனமும் வந்து பேசுடான்னு உன்னக் கெஞ்சினேன். நீதான் வரல. ஆமா ஆமா, கடையில வேல. தெரியும்.

நீ வராட்டி என்ன, அவரு போனுக்கு நீ பேசி அனுப்பினதெல்லாம் இருந்துச்சே. அதப் போட்டுக் காட்டச் சொன்னேன். அதுக்கும் ஏறிச்சு. அந்த மெஷின் பொண்ணு மட்டும் ஒண்ணு சொன்னா. சந்தோஷமா பயமான்னு இந்த மெஷினுக்குத் தெரியாதும்மா, உள்ள ஏதோ நடக்குதுன்னு மட்டும்தான் சொல்லும்னா. எனக்கு அது உறுத்திச்சு. மறுநாள் உன் பேச்சப் போட்டப்ப, வயரு இல்லாத கைய நான் புடிச்சுக்கிட்டேன். எத்தன வருஷமாப் புடிச்ச கை! சந்தோஷம்னா வெதுவெதுன்னு இருக்கும். அன்னிக்குச் சில்லுனு, ஈரமா இருந்துச்சு. என் பொண்ணுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து தூக்கித் தூக்கிப் போட்டுச்சே, அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அவரு கை அப்படித்தான் இருந்துச்சு.

எங்க எழுந்திருக்கற? உக்காரு, இன்னும் முடிக்கல.

நான் யார்கிட்டயும் வாய தெறக்கல. என்னத்தச் சொல்ல? கோடு ஏறிச்சு, கை சில்லுனு இருந்துச்சுன்னா சிரிப்பாங்க. நீ சொன்னத நானும்தான நம்பினேன். ராத்திரி சரக்குக் கணக்குப் பாக்கத் தனியா இருந்திருக்காரு, ஏணியில ஏறி டின்ன எடுக்கறப்ப சறுக்கியிருக்காரு, நீ காலைல கடையத் தொறந்தப்பத்தான் கீழ கெடந்ததப் பாத்த. கடையப் பிரிச்சுக் குடுன்னு நீ கேட்டு, நீங்க ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியும். அதுக்காக? கூடப் பொறந்தவன் மேல அப்படி ஒரு நெனப்பு வருமா? வந்தப்ப என்னையே நான் திட்டிக்கிட்டேன்.

டாக்டர் என்ன சொல்றாருன்னா கேக்கற? இரு, அதத்தான் சொல்ல வர்றேன். ஒரு வாரமாவே உங்க அண்ணன் கண்ணு என் பின்னாடியே வருது. உனக்குச் சொல்லல. அப்பறம் வெரல அமுக்கினாரு. அதயும் சொல்லல. நேத்து சாயங்காலம் வாயத் தெறந்துட்டாரு.

தண்ணி கேப்பாருன்னு நெனச்சேன். இல்ல. உன் பேரச் சொன்னாரு. கொழறிக் கொழறி, தெணறித் தெணறி, ஷட்டர எறக்காதடா, நான் சாகலடான்னாரு.

அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா மிச்சமும் வெளிய வந்துச்சு. விழுந்தப்ப நீ பக்கத்துலதான் நின்னுட்டு இருந்திருக்க. கூப்பிட்டிருக்காரு, நீ பாத்துட்டே வெளக்க அணச்சிருக்க. விடிய விடிய அந்தத் தரையில கெடந்திருக்காரு தம்பி, உயிரோட.

எதுவும் பேசாத. என்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல. காலைலயே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிட்டேன். அவன வரவச்சு உக்கார வச்சுப் பேசிட்டிருங்கம்மா, நாங்க வந்துடறோம்னாங்க. அதான் இவ்வளவு நேரம் பேசினேன்.

லிஃப்ட்லேர்ந்து எறங்கறாங்க பாரு, அவங்கதான். சட்டையில மேல் பட்டன் போடாம இருக்கு, போட்டுக்கோ.