உறைக்காத மிளகாய்

துவாரகன்,

மிளகாய் விதையைப் பார்த்து அது எந்த மிளகாய் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் இல்லை. உறைக்கிற மிளகாயின் விதையும் உறைக்காத மிளகாயின் விதையும் ஒரே மஞ்சள், ஒரே தட்டை. உம்முடைய அக்காவாலும் முடியாது. பிழை அவளுடைய கண்ணில் என்று நீர் நினைக்கக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன கிழமை உம்மை ஏர்போர்ட்டில் விடப் போகும்போது ஃப்ரீவேயில் வைத்து நீர் கேட்டீர். "அத்தான், அக்காவுக்கு உண்மையாகவே மறதிதானோ? எங்கட பள்ளிக்கூட ரீச்சர்மாற்ற பேர் முழுக்க வரிசையாச் சொல்லுறா." அப்போது ஒரு ட்ரக் குறுக்கே வந்ததால் நான் பதில் சொல்லவில்லை. நேற்று நீர் அனுப்பிய மெசேஜில், அவளை நியூ ஜெர்சிக்குக் கூட்டிப்போய் உமக்குத் தெரிந்த ஸ்பெஷலிஸ்டிடம் காட்டப்போவதாக எழுதியிருக்கிறீர். அது தேவையில்லை. ஏன் தேவையில்லை என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் முப்பத்தொரு வருடம் பைப்லைன் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதியவன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுத எனக்குத் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன் உம்முடைய அக்கா நேசமலர், ஆஸ்பத்திரி லாப் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். நான் அதற்கு முந்திய வருடமே ஓய்வு. மகள் ரூபிகா சான் ரமோனில் வேலையோடு இருக்கிறாள். இனி நாங்கள் இரண்டு பேரும்தான் என்று நினைத்திருந்தேன். நாலு மணிக்குத் தேத்தண்ணி, பிறகு ஒரு நடை, பிறகு செய்தி. பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அந்த வசந்தத்தில் பக்கத்து ஊரான கேட்டியில் நடந்த ஒரு விதைப் பரிமாற்றத்தில் மலர் நெர்மினைச் சந்தித்தாள். நெர்மின் துருக்கிக்காரி, எங்கள் வயது, பல் டெக்னீசியனாக இருந்தவள். தன் ஊர்ப்பக்கத்துக் காய்கறிகளின் விதைகளை இருபது வருடமாக டெக்சஸ் வெயிலில் விதைத்து, தாங்கியதைப் பொறுக்கி, திரும்ப விதைத்து வைத்திருந்தாள். கை நீளத்துக் கெமர் கத்தரி. செங்கெல்கோய் வெள்ளரி. சிவ்ரி என்ற ஒல்லி மிளகாயில் இரண்டு வகை, தத்லி என்றால் உறைக்காதது, அஜி என்றால் உறைப்பது. எந்தக் கடையிலும் இல்லாத, பெயரே இல்லாத ஒரு ரோசாத் தக்காளியும் இருந்தது. நெர்மினின் சித்தி ஹாஜர் வீட்டு முற்றத்திலிருந்து வந்தது என்பதால் அதை இவர்கள் ஹாஜர் என்றே அழைத்தார்கள்.

ஒரே வீட்டில் விதை இருக்கக்கூடாது என்பது நெர்மினின் கொள்கை. எல்லாவற்றிலும் பாதியை மலரிடம் கொடுத்தாள். எங்கள் கராஜில் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று வந்தது. அதற்குள் நாற்பத்தொரு கடதாசி உறைகள். ஒவ்வொன்றிலும் மலரின் முத்து முத்தான எழுத்தில் வகை, வருடம், எந்தப் பாத்தி. பூ விரிய முதல் மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுவாள், தேனீ கலந்துவிடும் என்று. தை மாசம் முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் தபாலில் போகும். ஒஹாயோ, ஜோர்ஜியா, எங்கெங்கோ. யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டாள். விளைந்ததில் கொஞ்ச விதையை வேறு யாருக்காவது கொடுக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய நிபந்தனை.

 நாலு மணிக்கு அவர்கள் இரண்டு பேரும் கராஜில் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நான் தேத்தண்ணியை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் வாசலில் நின்று பேச வாயெடுத்தேன். மலர் நிமிராமலே, "கொஞ்சம் பொறுங்கோப்பா, எண்ணிக்கொண்டிருக்கிறன்" என்றாள். அது அற்ப விஷயம். ஆனால் எனக்கு ஸ்டென்ட் வைத்த நாளில், நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது அவள் இல்லை. நாற்றுக்குத் தண்ணீர் விட வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு மணித்தியாலம். திரும்பி வந்தபோது நகத்தில் மண் இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

போன வருடத்துக்கு முந்திய மார்கழியில், சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள், "வாற செப்டெம்பர் நானும் நெர்மினும் துருக்கிக்குப் போறம். மூண்டு கிழமை. அங்க விதை வச்சிருக்கிற பொம்பிளையளைப் பாக்கப்போறம்."

"நானும் வரவோ?" என்றேன்.

"உங்களுக்கு அலுப்படிக்கும்" என்று சொல்லிக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை அவள் நெர்மினோடு நாற்றுத் தட்டு வாங்கப் போயிருந்தாள். காலை பத்து மணி. நான் ஃப்ரிட்ஜைத் திறந்து தத்லி உறையில் இருந்ததை அஜி உறையிலும், அஜி உறையில் இருந்ததை தத்லி உறையிலும் மாற்றிப் போட்டேன். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. ஒரு விதைகூடக் கீழே விழவில்லை. அப்போது என் மனதில் திட்டம் ஏதும் இருக்கவில்லை. அவள் கொஞ்சம் சறுக்கினால் என்னிடம் வந்து கேட்பாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆனி மாதம் ஃபோன் வரத் தொடங்கியது. சுகர் லேண்டிலிருந்து தாமரைச்செல்வி என்ற பெண், மதுரைப் பக்கத்துக்காரி, எடுத்தாள். "ஆன்ட்டி, ஸ்வீட் பெப்பர்னு நம்பி ஸ்டஃப் பண்ணி குழந்தைக்குக் குடுத்துட்டேன். வாயெல்லாம் வீங்கிடுச்சு. பரவாயில்ல ஆன்ட்டி, யாருக்கும் மிஸ்டேக் வரும்." பிறகு ஒஹாயோவிலிருந்து. பிறகு இன்னும் நாலு பேர். எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதுதான் அவளை உடைத்தது என்று நினைக்கிறேன்.

"தேனீ கலந்திருக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டவில்லை. "தேனீ கலந்தால் ஒண்டு ரெண்டு செடி பிழைக்கும். எல்லாச் செடியும் பிழைக்காது. நான்தான் மாத்திப் போட்டிட்டன். ஆனா மாத்தின ஞாபகமே இல்லையப்பா."

அன்று நாலு மணிக்கு அவள் கராஜுக்குப் போகவில்லை. என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தாள்.

ஒரு பிழை மட்டும் என்றால் மனிதர் மறந்துவிடுவார்கள். அதனால் ஆடியில் பீன்ஸ் உறைகள் இரண்டை எடுத்தேன். பீன்ஸில் கறுப்பும் வெள்ளையும் பார்த்தவுடன் தெரியும். அவள் கண்ணாலேயே பார்க்கக்கூடிய ஒரு பிழை தேவைப்பட்டது. வெள்ளை என்று எழுதிய உறையைத் திறந்து கையில் கொட்டினாள், கறுப்பு விழுந்தது. அந்தக் கையை அவள் நெடுநேரம் மூடவில்லை. மூன்றாவது சோடி வெள்ளரி. அத்தோடு உறைகளை விட்டுவிட்டேன். மொத்தம் ஆறு உறை.

கார்த் திறப்பைச் சாவி வளையத்தோடு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தது இரண்டு தரம். "திறப்பைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள். "கடைசியா எங்க வச்சனி?" என்று நானும் கேட்டேன். சேர்ந்து தேடினோம். அடுப்பைத் திருகி எரிய விட்டது ஒரு தரம்தான். அது எனக்கே பிடிக்கவில்லை. நான் பக்கத்து அறையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆபத்து ஒன்றும் நடக்க விட்டிருக்கமாட்டேன்.

ரூபிகாவுக்குச் சொன்னேன். "அப்பா, ஷி நீட்ஸ் டு ஸீ அ நியூராலஜிஸ்ட், லைக், நவ்" என்றாள். ஆவணியில் அப்பொயின்ட்மென்ட் கிடைத்தது. டாக்டர் நல்ல மனுஷன். மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார், ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்டார். மலர் மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லை, இரண்டு சொல்லை விட்டுவிட்டாள். பயத்தாலும் இப்படி இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படி என்று கேட்டார். திறப்பு ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது, அடுப்பு எரிந்தபடி இருந்தது, உறைகளில் விதை மாறியிருந்தது என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் டைப் பண்ணிக்கொண்டு ஒரு மருந்து எழுதினார். இந்த வருத்தத்தில் குடும்பத்தார் சொல்வதைத்தான் பெரிதாக எடுப்பார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் மலர் கார்த் திறப்பை என் கையில் தந்தாள். நான் கேட்கவில்லை. "ஆரையாவது இடிச்சுப்போட்டால்?" என்றாள். துருக்கிக்கு நெர்மின் தனியாகப் போனாள்.

ஐப்பசியில் திரும்பி வந்து, மலரோடு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தாள். போகும்போது வாசலில் நின்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள். "மிஸ்டர் பஞ்சலிங்கம், இவள் என்னிடம் முப்பது பேருடைய விலாசத்தை மனப்பாடமாகச் சொன்னாள். அந்த ஃப்ரிட்ஜை வேறு யார் திறக்கிறார்கள்?"

நான் கோபப்படவில்லை. நீ வந்து போனால் அவள் இரவெல்லாம் அழுகிறாள், டாக்டர் அமைதி வேண்டும் என்கிறார், கொஞ்ச நாள் வராமல் இருந்தால் நல்லது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதத் தேவையில்லை. பிறகு வரவில்லை. ஃபோன் பண்ணினாள், ஆனால் மலரின் ஃபோன் அப்போது என்னிடம்தான் இருந்தது. நெர்மினுக்கு இப்போது நேரமில்லையாம் என்று மலரிடம் சொன்னேன். "பாவம், அவளுக்கும் எத்தினை வேலை" என்றாள் மலர்.

இனி வருவதுதான் நீர் கேட்ட இடம். நீர் வந்தபோது கராஜ் ஃப்ரிட்ஜில் ஏன் கோக் போத்தல் மட்டும் இருக்கிறது என்று கேட்டீர் அல்லவா?

இந்தத் தைமாதம், பொங்கலுக்கு இரண்டு நாள் முன், மலர் நாற்பத்தொரு உறைகளையும் சமையலறை மேசையில் பரப்பினாள். தலைக்குக் குளித்து, நல்ல சீலை உடுத்தியிருந்தாள். ஒவ்வொரு உறையாக எடுத்து, பெயரை வாசித்து, கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டாள்.

"என்ன செய்யிறாய்?" என்றேன்.

"இதில எது சரி, எது பிழை எண்டு எனக்குத் தெரியேல்லையப்பா. பேரை நம்பித்தானே விதைக்கினம்? ஒரு வருசம் தண்ணி ஊத்தி, காத்திருந்து, கடைசியில வேற ஒண்டு காய்ச்சால்? தெரியாத விதையை ஆருக்கும் குடுக்கக் கூடாது."

ஹாஜர் உறையை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். மூக்கில் வைத்து மணந்தாள். விதைக்கு மணம் இல்லை. பிறகு அதையும் போட்டாள்.

நான் மாற்றியது ஆறு உறை. மீதி முப்பத்தைந்தும் சரி. அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எனக்கு ஒரு கால் மணித்தியாலம் இருந்தது. பையின் வாயைக் கட்ட அவளுக்குக் கை வரவில்லை, நான் கட்டிக் கொடுத்தேன். அடுத்த நாள் குப்பை எடுக்கும் நாள். நான்தான் தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

மாசியில் நெர்மின் எனக்கு மெசேஜ் அனுப்பினாள். மகளோடு கொலராடோவுக்குப் போய்விட்டாளாம். தன்னிடம் இருந்த ஹாஜர் முழுவதையும் விதைத்து, நாற்று எல்லாம் குளிரில் செத்துவிட்டதாம். மலரிடம் இருக்கும் பங்கில் பத்து விதை, பத்தே பத்து, தபாலில் போடச் சொன்னாள். சித்தியும் இல்லை, அந்த முற்றமும் இப்போது கட்டடமாம். மலர் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டாள், அவளுடைய நிலைமை உனக்குத் தெரியும்தானே என்று பதில் எழுதினேன். அது உண்மை. இதை மலருக்குச் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள்.

ஆகவே துவாரகன், அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளுடைய ஞாபகம் என்னுடையதைவிட நல்லது. வீணாக ஸ்கான், டெஸ்ட் என்று அவளை அலைக்கழிக்கவேண்டாம். அந்த மருந்தால் கொஞ்சம் தலைசுற்று இருக்கிறது, அதனால் படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மற்றப்படி சுகம். இப்போது நடை இருக்கிறது, நாலு மணித் தேத்தண்ணி இருக்கிறது. கதவைப் பூட்டினேனா, மருந்து போட்டேனா, இன்றைக்கு என்ன கிழமை என்று எல்லாவற்றையும் என்னைத்தான் கேட்பாள். நான் பொறுமையாகச் சொல்வேன். நீர் இதை அவளிடம் சொன்னால், தான் எறிந்தது நல்ல விதை என்று அவளுக்குத் தெரியவரும். அந்த வேதனையை அவளுக்குக் கொடுக்க உமக்கு மனம் வராது என்று நினைக்கிறேன். எனக்கு வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் நடந்து வரும்போது அவள் கேட்டாள். "இஞ்சரப்பா, நான் உங்களுக்குப் பெரிய பாரமாப் போனன், என்ன?"

"இல்லை" என்றேன்.

அவள் நம்பினாள். நம்பாமல் எப்படி? இந்த நாற்பத்தொரு வருடத்தில் நான் அவளுக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
அத்தான்
பஞ்சலிங்கம்