சியாம் ஐயர்மாருக்கு ஒரு அருச்சனை

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு லோஞ்ச் படகு வெளிக்கிட்டதும் எனக்கு முன்னால் இருந்த கோயில் ஐயர், "என்ரை மகள் சியாம் தேசம் படிக்கிறாள்" என்றார். பக்கத்திலிருந்த புங்குடுதீவுக்காரர் சிரித்துப்போட்டார்.

"அரிசி யாவாரத்துக்கோ, ஐயா?"

"கம்பஸிலை தமிழ்தான் பெரிய பாடம். துணைப் பாடமாகத் தென்கிழக்காசியப் பண்பாடு எடுத்தவள். நானும் உம்மைப்போலைச் சிரிச்சனான். அதை விடாட்டி வீட்டை வா எண்டு கடிதமும் போட்டனான்."

"பிறகு?"

"சியாம் அரண்மனை ஐயர்மார் ஓதுறதை வகுப்பிலை ரேப் றெக்கோடரிலை போட்டுக் காட்டினவையாம். பொருள் ஓதுறவைக்கே தெரியாதாம், பரம்பரையா வாயாலை வந்ததாம். பிள்ளையளும் முழிச்சுக்கொண்டிருக்க, இவள் எழும்பி மிச்சத்தைப் பாடிப்போட்டாள். மார்கழியிலை நான் விடியக் கோயிலிலை படிக்கிற அதே தமிழ்ப் பாட்டு! சோதினையிலையும் அவள்தான் முதலாவது."

"இனியும் மறிப்பியளோ?"

"மறிக்கிறதோ! விடாமல் படி எண்டு தந்தி அடிச்சுப்போட்டு வாறன். இண்டைக்கு அந்தச் சியாம் ஐயர்மாருக்கும் ஒரு அருச்சனை செய்யப்போறன்."

"பேர், நட்சத்திரம் சொல்லவேணுமே?"

நயினாதீவு அம்மன் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் இருந்தபடியே கைகூப்பினேன். ஐயரும் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"எனக்குத் தெரியாது. அம்மாளுக்குத் தெரியும்."