பழுதில்லாத கணினி

கொழும்பு பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கி, புத்தளம் சோதனைச் சாவடியில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வயர் தெரியும் பெட்டி வைத்திருந்தாலே பிடித்துவைக்கும் யுத்த நாட்கள். எனக்கு முன்னால் நின்ற இளைஞனின் கையில் பழைய சாரத் துணியில் சுற்றிய கணினி.

"ஆர் செஞ்சதுண்டு கேட்டா, நான்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிராத மச்சான்," என்றார் அவனோடு கூட வந்தவர்.

"உள்ள ஓடுற சிஸ்டத்த நான்தானே கட்டினேன். ஒபிஸ்ல ஆருக்கு எந்தக் கம்ப்யூட்டர் திறக்குமுண்டு இந்த சேர்வர்தான் சொல்லும். எல்லார்ட பேரும் இதுக்குள்ள."

"ஆள்கள்ட பேரா? அதையும் சொல்லிராத. கொழும்புக்கு என்னத்துக்குக் கொண்டு போற?"

"எல்லாரையும் தடுக்கிற விதிய முதல்ல போட்டுட்டேன். என்னைய விடச் சொல்லி எழுத மறந்துட்டேன். இப்ப என்னையும் உள்ள விடுதில்ல. அங்க ஒரு கூட்டாளி திறந்து தருவான்."

சுற்றறிக்கை எழுதியே ஓய்வுபெற்றவன் நான். எழுதியவனையே தடுக்கும் இந்தப் பிழை எனக்குப் புதிதல்ல.

சிப்பாய் சாரத்தை விலக்கிப் பார்த்தார்.

"பழுதான கம்ப்யூட்டர் சேர், திருத்தக் கொண்டு போறோம்," என்றார் கூட வந்தவர்.

சிப்பாய் போகச் சொல்லிக் கையசைத்தார்.

"பழுதில்ல சேர்," என்றான் இளைஞன். "நான் எழுதினதத்தான் செய்யுது."

சிப்பாய் சாவடி மேசையிலிருந்த கணினித் திரையைக் காட்டினார்.

"அப்ப இதுல மாட்டி, திறந்து காட்டு."