பாடுகிறவருக்குக் கேட்கிறதா?

இதயத்தில் இசைக்கு இடம் ஒதுக்கிவிட்டு, இந்த மாடி அறையில் இருக்கைக்கு இடம் தேடி அலைந்து, எப்படியோ அமர்ந்துவிட்ட அன்பு நெஞ்சங்களே. வாரத்தில் ஆறு நாள் நம்மை வாய் திறக்கச் சொல்லி, ஏழாம் நாள் தம் புல்லாங்குழலால் நம்மை வாயடைக்க வைக்கும் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே. முழங்கால் வலியோடு முப்பத்திரண்டு படியேறி முதல் வரிசையை முற்றுகையிட்டிருக்கும் மூத்தோரே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் தோழர்களே, சுவர் விழாது, நீங்கள் தாராளமாகச் சாய்ந்துகொள்ளலாம். உங்கள் அனைவருக்கும் இந்தச் சின்னச் சங்கத்தின் செயலாளன் பெரிய வணக்கம் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன்.

புது மிக்சர் வாங்கியிருக்கிறோம், அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு என்றார் தலைவர். ஐந்தே நிமிடம் என்று என்னிடம் சொன்ன முதல் மனிதரும் அவர்தான், நம்பிய கடைசி மனிதரும் அவர்தான். சிரியுங்கள் ஐயா, கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

அன்பர்களே, மிக்சர் என்பது என்ன? பாடுகிறவர் குரல் ஒரு கம்பியில் வருகிறது, கிடார் ஒரு கம்பியில் வருகிறது, குழல் ஒரு கம்பியில் வருகிறது. வந்தவர்களையெல்லாம் வரவேற்று, அடங்காதவரை அடக்கி, அடங்கியே கிடப்பவரை எழுப்பி, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஒலிபெருக்கிக்கு அனுப்பி வைக்கும் பெட்டி. கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் செய்கிற வேலை. இதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? விளக்கையா? விலையையா? ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் எண்ணிக்கையையா?

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் இவை மூன்றையும் பார்த்தோம். நம் சங்கத்தில் பாடுவோரும் வாசிப்போரும் சேர்ந்து ஐந்து பேர். நாங்கள் வாங்கியதோ பன்னிரண்டு பேருக்கானது. மீதி ஏழு? யாராவது வருவார்கள் என்று வைத்திருந்தோம். வந்தது தூசிதான்.

எப்படித் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா? நம் சங்கத்துக்கே உரிய ஒரு வழக்கம் உண்டு. பொருளைச் சோதிக்கக் கொண்டுவந்து, ஒரு பாட்டைப் போட்டு, குழுவினர் அனைவரும் இதோ இந்த நாற்காலிகளில் கண்ணை மூடி உட்கார வேண்டும். பிடித்தவர் கை தூக்க வேண்டும். அன்று அத்தனை கையும் உயர்ந்தது. ஒருவர் தூங்கிவிட்டார், அவர் கையை நான் தூக்கினேன். இல்லை ஐயா, அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார்.

அந்தப் பெட்டியில் தனியாக ஒரு வழி இருந்தது. பாடுகிறவர் காலடியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்து, அவர் குரல் அவருக்கே கேட்கும்படி திருப்பி அனுப்புகிற வழி. அதை நான் என்ன செய்தேன்? இடமில்லாமல் படிக்கட்டில் நிற்கிறார்களே என்று உருகி, அந்த வழியைக் கீழே இழுத்து, படிக்கட்டில் ஒரு ஒலிபெருக்கி மாட்டினேன். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். வாசலில் செருப்பு மாட்டுகிறவருக்கும் பாட்டு துல்லியமாகக் கேட்டது. மேடையில் பாடுகிறவருக்குக் கேட்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. செயலாளனான நானும் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். பின்வரிசையில் கொஞ்சம் அமைதி வேண்டும்.

என் அண்ணன் மனைவி, என் அண்ணி, தையற்காரர். அவர் தைத்த சட்டைதான் நான் போட்டிருப்பது. என் அம்மா காலமானபோது எனக்கு வயது பதினேழு. அந்த வீட்டில் என்னைச் சாப்பிட வைத்தது அண்ணியின் அதட்டல், தூங்க வைத்தது தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே அவர் பாடும் குரல். சின்னக் குரல்தான், ஆனால் சுத்தமான குரல். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரை இந்த மேடையில் ஏற்றினேன்.

பழைய பெட்டி வாங்கிய மறு ஆண்டு விழா. அண்ணி பாடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் நம் அன்புத் தம்பி ‘இடி’ டிரம் வாசிக்கிறார். பெயர்க் காரணம் உங்களுக்குத் தெரியும். முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதில் சுதி நழுவியது. நழுவியதைப் பிடிக்கக் கத்தினார், இன்னும் விலகியது. நான் என்ன செய்தேன்? ஏறி வந்தேன், இதே இடத்தில் நின்று மைக்கை வாங்கினேன், “அண்ணிக்கு இன்னிக்குத் தொண்டை சரியில்ல, வெந்நி குடிக்கட்டும், அடுத்தவங்களக் கூப்பிடலாம்” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை, நான் சிரிக்கிற மாதிரிதான் சொன்னேன். அண்ணியும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. ஒரு வாரமும் தவறாமல் வருகிறார், ஜன்னலோரம் உட்காருகிறார், எல்லோருக்கும் கை தட்டுகிறார். பாடவில்லை. மூன்று ஆண்டு. ஒருநாள் அண்ணன் என்னிடம் சொன்னார்: “வீட்டுல மிஷின் சத்தம் மட்டும்தான்டா கேக்குது.”

இந்த நிலையில் பழைய பெட்டி கரகரக்க ஆரம்பித்தது. புதிது வாங்கக் குழு கூடியது. குழு கூடினால் என்ன நடக்கும்? மூன்று பேர், நான்கு கட்சி. இருபத்து நான்கு பேருக்கானது வேண்டும் என்றார் இடி. நீல விளக்கு எரிய வேண்டும் என்றார் தலைவர். நான் கண்ணை மூடி நாற்காலியில் உட்காரத் தயாரானேன்.

அப்போது நம் லிப்ட் மெக்கானிக் அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒயர் வேலைக்கெல்லாம் நாம் கூப்பிடுவோமே, அதே அக்கா. “எல்லாரும் இங்க உக்காந்து என்னத்தக் கேக்கப் போறீங்க? பாடறவங்க அங்கல்ல நிக்கறாங்க. செக்ரட்டரி சார், நீங்க ஏறுங்க.”

“எனக்குப் பாட வராதே அக்கா” என்றேன்.

“தாலாட்டு கூடவா தெரியாது? ஏறுங்க.”

ஏறினேன். பழைய பெட்டிதான். இடியை வாசிக்கச் சொன்னார். நான் பாடினேன். அன்பர்களே, என் வாய் அசைகிறது, குரல் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. முதுகில் டிரம் அடிக்கிறது. எதிர்ச்சுவரில் மோதிய பாட்டு கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்து குழப்புகிறது. எந்தச் சுதியில் நிற்கிறேன் என்று தேடினேன், கிடைக்கவில்லை. கத்தினேன். கீழே குழு விழுந்து விழுந்து சிரித்தது. அங்கே நின்றபோதுதான் என் அண்ணியை என்ன செய்தேன் என்பது எனக்குப் புரிந்தது. நான் பாட்டை நிறுத்திவிட்டேன். அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: “இப்ப உங்க தொண்டை சரியில்லையா சார்?”

ஆகவே, மிக்சர் வாங்கப் போகும் அன்பர்களே, கேளுங்கள். விளக்கை எண்ணாதீர்கள், மேடையில் போய் நில்லுங்கள். திருகை எண்ணாதீர்கள், மேடையில் போய் நில்லுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பதிவான பாட்டு எந்தப் பெட்டியிலும் இனிக்கும், அதில் மயங்காதீர்கள். உங்கள் டிரம்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், உங்களிலேயே மெல்லிய குரல் யாருக்கோ அவருக்காக வாங்குங்கள். பெருங்குரல் எந்தப் பெட்டியிலும் பிழைத்துக்கொள்ளும். சின்னக் குரலைக் காப்பாற்றுகிற பெட்டிதான் பெட்டி.

இதோ இருக்கிறதே, அப்படி வாங்கியதுதான் இது. எட்டே வழி. நீல விளக்கு கிடையாது, தலைவர் மன்னிக்க வேண்டும். ஆனால் மேடைக்கென்றே தனியாக இரண்டு வழிகள். யாருக்கு எது எவ்வளவு கேட்க வேண்டுமோ, அவரவர்க்கு அவ்வளவு. எந்தத் திருகு யாருடையது என்று அக்கா வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார். குழல், கிடார், இடி, நம் இன்னொரு பாடகரான பேக்கரிக்காரர். ஐந்தாவதில் ‘அண்ணி’ என்று எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னது நான்.

அண்ணி, ஜன்னல் பக்கம் பார்க்காதீங்க, இங்க பாருங்க. அன்னிக்கு உங்க தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. உங்க குரல் உங்களுக்குக் கேக்காத மாதிரி செஞ்சது நான். செஞ்சதும் நான், சிரிக்க வச்சதும் நான். எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். நீங்க பாடியே ஆகணும்னு சொல்லல. அது உங்க இஷ்டம். பாடலன்னாலும் அந்தத் திருகு உங்களுதுதான்.

...

அண்ணி ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லிவிடுகிறேன். “மன்னிப்பெல்லாம் வீட்டுல பேசிக்கலாம் தம்பி. முதல்ல நீங்க இறங்குங்க, இல்லன்னா நான் எங்க நிக்கறது?” என்கிறார்.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், படியேறி வந்த பெரியோருக்கும், தாய்மார்களுக்கும், சுவரோரத் தோழர்களுக்கும், என்னை மேடையேற்றிய அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, அது கிடக்கட்டும். மைக்கை அண்ணியின் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, வணங்கி விடைபெறுகிறேன்.